கதம்பையை எறியாதீர்கள்: அரசியல் நாடகம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் என் வீட்டுப் படிப்புரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நாகர்கோவிலில் தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் பாதி. துறையிலிருந்து வருகிற ஒருவன் உண்டு. ஈத்தாமொழியில் கயிறு வியாபாரம் செய்கிறவரின் மகள் ஒருத்தி உண்டு. இந்தச் சுற்று நாங்கள் எடுத்திருப்பது இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’. முதல் நாளே அந்தப் பெண் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “சார், இதோட கரு என்ன, உத்தி என்னன்னு ரெண்டையும் தனித்தனியா சொல்லிருங்க. எழுதிக்கிடுதேன்.”

நான் கட்டன்சாயா குடித்து முடிக்கிறவரை பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத் தவறியதையும் அதற்குப் பிறகு விட்டுவிட்டுச் சொன்னதையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். எண் போட்டது பிள்ளைகள் கேட்டதால். வரிசைக்கு வேறு அர்த்தம் கிடையாது.

1. நோட்டை மூடிவையுங்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

நாவலைத் தனியாகப் படுத்துக்கொண்டு படிக்கலாம். நாடகத்துக்கு நாலு வாய் வேண்டும். நாங்கள் பங்கு பிரித்து மூன்று வாரம் படித்தோம். துறைக்காரப் பையனுக்கு ஷாஜஹான். வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகின தொண்டை அவனுக்கு. சிறையிலிருக்கிற கிழவனின் பேச்சை அவன் முழங்கினபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். ஔரங்கசீப்பை இருக்கிறதிலேயே சத்தம் குறைந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். வேண்டுமென்றே கொடுத்ததாக்கும். அவள் கத்தவில்லை, மிரட்டவில்லை, வீட்டுக்கு வந்த கடிதத்தை வாசிக்கிற மாதிரி வாசித்தாள். படிப்புரையில் ஒருவரும் அசையவில்லை. அதிகாரத்துக்குச் சத்தம் தேவையில்லை என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது நோட்டில் ஒரு வரியாகப் போயிருக்கும். அன்றைக்குக் காது வழியாகப் போயிற்று.

படித்து முடித்தபின் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். யார் அதிகம் பேசுகிறார்கள், யார் பேச்சை யார் வெட்டுகிறார்கள், மேடையில் நின்றுகொண்டே பேசாமல் இருப்பவர் யார் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டு போங்கள். ஆராய்ச்சி என்று பயந்துபோகிறீர்களே, அதன் தொடக்கம் இவ்வளவுதான்.

2. தேதியைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

இது நான் பட்டுத் தெளிந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், ‘ஔரங்கசீப்’ நெருக்கடிநிலையை எதிர்த்து எழுதப்பட்ட நாடகம் என்று அடித்துப் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவன் பக்கத்தில் வந்து, “சார், நாடகம் 1974இல் வந்தது. நெருக்கடிநிலை 1975 ஜூன் 25 ராத்திரி அறிவித்தது. எப்படி?” என்று மெதுவாகக் கேட்டான். அவன் மேடையில் வைத்துக் கேட்கவில்லை; அந்த மரியாதைக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் அந்த நாடகத்தில் நெருக்கடிநிலையைக் கண்டார்கள் என்றால் அது சரி. வாசகன் தன் காலத்தைக் கொண்டுபோய்ப் பிரதியில் வைத்துப் பார்க்கிறான். ஆனால் எழுதியவனின் நோக்கம் அதுதான் என்று எழுதினால் பொய். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டு, அதிகாரம் நடமாடுகிற ஊரிலேயே இருந்து பார்த்த ஒரு மனிதர், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டியே உணர்ந்திருக்கலாம். அதை ‘உணர்ந்திருக்கலாம்’ என்றே எழுதுங்கள். ஒரு ‘லாம்’ போட்டால் மானம் போய்விடாது.

3. சரித்திரத்தையும் நாடகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை வைத்து மற்றதற்கு மார்க் போடாதீர்கள்.

நாடகம் எடுத்துக்கொள்ளும் காலம் ஷாஜஹானின் பிள்ளைகள் பட்டத்துக்கு அடித்துக்கொண்ட காலம். 1658இல் சாமுகர் போரில் மூத்த மகன் தாரா தோற்றான். 1659இல் கொல்லப்பட்டான். ஷாஜஹான் ஆக்ரா கோட்டையில் அடைபட்டு 1666இல் இறந்தார். மகள் ஜஹானாரா அப்பாவோடு இருந்தாள். அவள் தங்கை ரோஷனாரா ஔரங்கசீப்பின் பக்கம் நின்றாள். இவ்வளவும் சரித்திரம்.

நாடகத்தில் ஷாஜஹானுக்கு ஓர் ஆசை: யமுனையின் அக்கரையில் கறுப்புப் பளிங்கில் இன்னொரு மஹால். இது தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகரின் பயணக்குறிப்பிலிருந்து பரவின கதை. அக்கரையிலிருக்கும் மேதாப் பாக் தோட்டத்தில் தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கறுப்புப் பளிங்கு அகப்படவில்லை. வெயிலும் மழையும் பட்டு நிறம் மங்கின வெள்ளைக் கல்தான் கிடைத்தது. உடனே ஒருவன் எழுதினான்: “ஆசிரியர் வரலாற்றுப் பிழை செய்துள்ளார்.” அந்தத் தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு, மக்களே. இல்லாத ஒரு கட்டடத்தை நாடகாசிரியர் ஏன் தேர்ந்துகொண்டார்? ஏற்கெனவே ஒரு சமாதி எழுப்பியவன் இன்னொன்று கேட்கிறான். கஜானாக் கணக்கைப் பார்க்கிறவன் அதை மறுக்கிறான். அப்பனுக்கும் மகனுக்கும் நடக்கிற முழுச் சண்டையும் அந்த ஒரு கறுப்புக் கல்லுக்குள் அடங்கிவிடுகிறது. மெய்யான ஒரு கோட்டையையோ கால்வாயையோ வைத்திருந்தால் இது நடக்காது. மெய்யானதற்கு உபயோகம் என்று ஒன்று இருந்துவிடும். கனவுக் கட்டடத்துக்குச் செலவு மட்டும்தான்.

4. கதம்பையை எறியாதீர்கள்.

கரு வேறு, உத்தி வேறு என்று கேட்ட பெண்ணிடம் நான் கடைசியில் கேட்டது இதுதான்: “உங்க வீட்டுல தேங்காய உரிச்சா கதம்பைய என்ன செய்வியோ?” அவள் சிரித்தாள். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர் அது. அங்கே தேங்காய் உரிப்பவன் கதம்பையைக் குப்பையில் போடமாட்டான். அது தும்பாகும், தும்பு கயிறாகும், கயிறு வள்ளத்தைக் கட்டும். அவள் அப்பா சோறு போடுவது பருப்பினால் அல்ல, கதம்பையினால்.

நாடகத்தின் நடையையும் உத்தியையும் உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கிற கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கிவிட்டார்கள். அப்படி எடுத்தால் கையில் மிஞ்சுவது “மதவெறி கூடாது”, “ஒற்றுமையே பலம்” என்கிற மாதிரியான வாக்கியங்கள். அவற்றுக்காக ஒருவன் டெல்லியில் உட்கார்ந்து நாடகம் எழுத வேண்டியதில்லை. பஸ்ஸின் பின்புறத்தில் எழுதினால் போதும். அரசியல் நாடகத்தில் அரசியல் இருக்கிற இடம், யாருக்கு எவ்வளவு பேச்சு, எந்த மாதிரிப் பேச்சு, வெளிச்சம் யார் மேல் விழுகிறது, திரை எங்கே விழுகிறது என்பதில். கருத்து வாக்கியங்கள் அதற்கு மேல் மிதக்கிற நுரை.

5. வில்லனைத் தேடாதீர்கள்.

ஷாஜஹான் நேற்றில் வாழ்கிறார். தாரா நாளையில் வாழ்கிறான். உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்த அறிஞன், படையை நடத்தத் தெரியாதவன். ஔரங்கசீப்புக்கு இன்றைக்கு என்ன செய்வது என்பது மட்டும் தெரியும். முக்காலத்தையும் மூன்று ஆட்களாக்கி ஒரே வீட்டுக்குள் அடைத்துவைத்திருக்கிறார் நாடகாசிரியர். இதில் யார் நல்லவன் என்று கேட்டால் நாடகம் கையைவிட்டுப் போய்விடும். தாராவைப் பார்த்து எனக்கு அனுதாபத்தைவிட எரிச்சல் அதிகம் வரும். இப்படிப்பட்ட நல்லவர்கள் தோற்பதற்கு எதிரி தேவையில்லை. இது என் அபிப்பிராயம். நீங்கள் ஏற்க வேண்டாம், மறுப்பதற்கு நாடகத்திலிருந்து இடம் காட்டினால் போதும்.

இரண்டு சகோதரிகளையும் ‘துணைப் பாத்திரங்கள்’ என்று ஒரு பத்தியில் ஒதுக்காதீர்கள். பட்டம் ஆண்களுக்குத்தான் என்றாலும் கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள்.

6. உங்கள் மண் இந்த நாடகத்தில் எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.

ஔரங்கசீப் வேண்டுவது ஒரே நாடு, ஒரே மதம், ஒரே மொழி. இதைச் சென்னையில் படிக்கிறவனுக்கு 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஞாபகம் வரும். இராஜாக்கமங்கலத்தில் படிக்கிற கிழவனுக்கு அதற்கும் முந்தின ஞாபகம் வர வேண்டும். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிக்காரர்களாகிய நாம் சென்னை மாகாணத்திலோ தமிழ்நாட்டிலோ இல்லை. முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. நம் தாத்தாமார் தமிழில் பேசி, தமிழில் சண்டை போட்டுவிட்டு, மனு கொடுக்க மலையாளம் தெரிந்த ஆளைத் தேடிப் போனார்கள். தமிழகத்தோடு சேரக் கேட்டு நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. செத்தவர்கள் தமிழர்கள், சுட்ட போலீஸ் நம் சொந்த மாநிலப் போலீஸ்.

ஆகையால் ‘ஒரே மொழி’ என்ற பேச்சை எங்கோ வடக்கிலிருந்து வருகிற சத்தமாக மட்டும் கேட்காதீர்கள். நமக்கு அது பக்கத்து வீட்டிலிருந்தும் வந்திருக்கிறது. நாளைக்கு நம் வீட்டிலிருந்தே வரலாம். நாம் மலையாளம் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரனை எப்படி நடத்துகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னபோது பிள்ளைகளில் ஒருவனுக்குக் கோபம் வந்தது. நாடகம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

7. பேச்சுநடையை அண்ணாவோடு வைத்துப் பாருங்கள்.

1940களில் அண்ணா ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ எழுதினார். ஔரங்கசீப்பின் அதே நூற்றாண்டு, எதிர் முகாம். சூத்திரனுக்குப் பட்டாபிஷேகம் செய்யலாமா என்பது அதன் கேள்வி. காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்த வி.சி.கணேசன் அதன் பிறகு சிவாஜி கணேசன் ஆனார். அந்த நாடகத்தின் வசனம் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர வேண்டும், அங்கிருந்து வாக்குச்சாவடிக்கும் போக வேண்டும். அடுக்குமொழி அதற்கான வாகனம். அதை இளக்காரமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு கூட்டத்துக்கே பேசக் கற்றுக்கொடுத்த நடை அது.

‘ஔரங்கசீப்’பில் அரசர்கள் அப்படிப் பேசுவதில்லை. படித்த ஒரு குடும்பம் சொத்துத் தகராறு பேசுகிற மாதிரி, வெட்டிவெட்டி, ஒருவர் சொல்லை ஒருவர் பிடித்துத் திருப்பிக் குத்துகிற மாதிரிப் பேசுகிறார்கள். கைதட்ட இடம் கொடுக்காத வசனம். அண்ணாவின் பார்வையாளன் முடிவெடுத்துவிட்டு எழுந்து போவான். இங்கே பார்வையாளனுக்கு யோசனையோடு போகிற கஷ்டம். இரண்டிலிருந்தும் ஒரு பக்கம் எடுத்து அடுத்தடுத்து உரக்கப் படியுங்கள். நான் இங்கே எழுதியதைவிட அதிகம் தெரியும்.

இன்னொன்று. 1978இல் வந்த ‘நந்தன் கதை’யில் இதே ஆசிரியர் வேறு நடைக்குப் போய்விட்டார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனாரைத் திருப்பிப்போடுகிற நாடகம் அது. பறையும் சதிரும் அங்கே மேடையில் எதிரெதிரே நிற்கின்றன. அரண்மனைக்கு ஏற்றது சேரிக்கு ஏற்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதம்பைக் கணக்கு மறுபடியும்.

8. கொடி யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்.

மலையாள நாடகம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் ஒரே மாநிலமாக இருந்த காலத்தில் பிறந்தது என்பதால் அதில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. தோப்பில் பாஸி தலைமறைவாக இருந்தபோது எழுதின ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’. 1952 டிசம்பர் 6 அன்று கொல்லம் பக்கத்துச் சவறையில் கே.பி.ஏ.சி. நாடகக் குழு முதலில் மேடையேற்றியது. ஓ.என்.வி. குறுப்பின் பாட்டுக்கு தேவராஜன் இசை. 1953இல் அரசு தடைகூடப் போட்டுப் பார்த்தது. 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததில் இந்த நாடகத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்லாதவர் அங்கே குறைவு.

அதில் பரமு பிள்ளை என்ற பழைய குடும்பத்து நாயர், கொஞ்சம் கொஞ்சமாக மனம் மாறி, கடைசியில் மாலா என்ற புலையப் பெண்ணின் கையிலிருக்கும் செங்கொடியைத் தன் கையில் வாங்கி உயர்த்துகிறார். நாற்பது வருடம் அந்தக் காட்சிக்கு ஜனங்கள் கண் கலங்கினார்கள். 1995இல் சிவிக் சந்திரன் என்ற எழுத்தாளர் எதிர்நாடகம் ஒன்று எழுதினார். தலைப்பே கேள்வி: நீங்கள் யாரைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்? மாலாவுக்குக் காதலும் கிடைக்கவில்லை, நிலமும் கிடைக்கவில்லை, கையிலிருந்த கொடியும் போயிற்றே என்று கேட்டார். பாஸியின் குடும்பத்தார் பதிப்புரிமை வழக்குப் போட்டார்கள். மூல நாடகத்தின் பகுதிகளை எடுத்தாண்டது விமர்சனத்துக்காகத்தான் என்று 1996இல் கேரள உயர்நீதிமன்றம் எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது.

பிள்ளைகளே, பாஸியின் வசனத்தில் நீங்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது; எல்லாம் சமத்துவம்தான். ஒரு கம்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிறதே, அந்த மேடைக்குறிப்பில் இருந்தது விஷயம். மேடைக்குறிப்பைத் தாண்டிப் படிக்கிறவன் நாடகத்தில் பாதியைப் படிக்கவில்லை. சிவிக் சந்திரன் செய்தது கலகமா கௌரவமா என்று என்னிடம் கேட்டால், ஒரு நாடகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதையே அதுதான் என்பேன்.

9. ஒரு கொடை ராத்திரி விழித்திருங்கள்.

நவீன நாடகம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று மட்டும் படித்துவிட்டு வருகிறீர்கள். நம் சுடலைமாடன் கொடையில் வில்லடிக்கிறவர் என்ன பாடுகிறார்? வேறு சாதிப் பெண்ணைக் கட்டின முத்துப்பட்டன், வெட்டுப்பட்டுச் செத்து, செத்ததனாலேயே சாமியான கதை. அண்ணாவி ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுகிறார். அந்த ‘ஆமா’ சில இடத்தில் சம்மதம், சில இடத்தில் கேலி, சில இடத்தில் பயம். கிரேக்க நாடகத்துக் கோரஸைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற பிள்ளைக்கு இது கண்ணில் படவில்லை என்றால் எனக்கு வருத்தம்தான்.

10. போலீஸ்காரர் படித்த பிரதியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் கொண்டுவந்தான். சுதந்திரம் வந்தபிறகு 1954இல் சென்னை அரசு தனக்கென்று ஒன்று போட்டது, எம்.ஆர்.ராதாவை அடக்கத்தான் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். நாடகம் போடுமுன் பிரதியைக் காவல்துறையிடம் காட்ட வேண்டியிருந்தது. பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி வழக்காடி, 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் விதிகளைச் செல்லாதென்றது. மொகலாயர் காலத்துக்கோ புராணத்துக்கோ ஒரு நாடகாசிரியர் போகிறார் என்றால் அது ரசனையாகவும் இருக்கும், தற்காப்பாகவும் இருக்கும். எது என்று ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

11. நோட்ஸ் வாங்காதீர்கள்.

அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

12. எழுதும்போது ஒரே ஒரு காட்சியை எடுங்கள்.

‘இந்திரா பார்த்தசாரதி நாடகங்களில் அரசியல்’ என்று தலைப்புப் போட்டால் சாகித்திய அகாதெமி பரிசு 1977இல் ‘குருதிப்புன’லுக்கு, சரஸ்வதி சம்மான் ‘ராமாநுஜ’ருக்கு என்று பட்டியல் எழுதித்தான் முடியும். ஷாஜஹானும் ஔரங்கசீப்பும் சம்பந்தப்பட்ட ஒரு காட்சி, ஒரு வினா, இரண்டு பக்கம். முதல் வரியில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். அறிஞர்கள் கண்டதைப் பிறகு சொல்லலாம். ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று எழுத வெட்கப்படாதீர்கள், ஆனால் ஏன் தோன்றுகிறது என்று வசனத்திலிருந்து காட்டாமல் விடாதீர்கள். முடிந்தால் மேடையில் பாருங்கள். கே.எஸ்.ராஜேந்திரன் ‘ஔரங்கசீப்’பை இந்தியில் இயக்கி டெல்லியிலேயே போட்டார். தமிழன் எழுதின மொகலாயனை மொகலாயனின் ஊரே உட்கார்ந்து பார்த்தது. நமக்கு அந்த வசதி இல்லை என்றால் படிப்புரை இருக்கிறது, குரல் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தோடு வாருங்கள். மழை பெய்தாலும் வாருங்கள், உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். புத்தகம் நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இப்போது அது துறைக்காரப் பையனிடம் இருக்கிறது. மக்கா, கடலுக்குக் கொண்டுபோகாமல், புதன்கிழமைக்குள் ஈத்தாமொழிப் பிள்ளையிடம் கொடுத்துவிடு.